‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரோடு இறங்குங்கள்

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். வரும் பொங்கல் விடுமுறையில் நான், கணவர், 13 வயது மகள் மூவரும் அந்தமான் போகிறோம். சேலத்தில் உள்ள பயண ஏற்பாட்டாளர் கொடுத்த திட்டத்தில், கடைசி நாள் காலை ஆறரை மணிக்கு ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங், பத்து மணிக்குப் படகு, பிற்பகல் மூன்றரைக்குச் சென்னை விமானம் என்று இருக்கிறது. வேறு மூன்று கடைகளிலும் விசாரித்தேன். விலை மூன்று விதம். பேச்சு மட்டும் ஒரே விதம்: நீச்சல் தெரிய வேண்டாம், பயமே வேண்டாம், நூறு சதவீதம் பாதுகாப்பு. கணவருக்கு வயது 47, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். கிணற்று நீச்சலில் கெட்டிக்காரர். எனக்கு நீச்சல் தெரியாது, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெளிவாகத் தெரியாது. மகளுக்குச் சிறு வயதில் இளைப்பு இருந்தது. ஒன்பது வயது வரை இன்ஹேலர். யாரை நம்பி இறங்குவது? – ஒரு வாசகி, ஏற்காடு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கடைசி நாளைப் பற்றிய வரியை மூன்று முறை படித்தேன். காலை ஆறரைக்கு டைவ், அன்றே மூன்றரைக்கு விமானம். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இதை மட்டும் இன்றே அந்த ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

முதுகில் கட்டுவதை எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். அதில் இருப்பது நாம் இங்கே சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும்போது வழக்கத்தைவிட அதிக நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடுகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாக மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கோலி சோடாவை அவசரமாக உடைத்தால் என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். கரைந்திருந்த வாயு குமிழியாகப் பொங்குகிறது. உடம்பில் அப்படிக் குமிழி கிளம்பினால் மூட்டு வலியில் தொடங்கி, நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போவது வரை போகலாம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட ஒரு மலை உச்சியில் இருப்பதைப் போலக் குறைந்துவிடும். டைவ் முடித்த உடம்போடு அதில் ஏறுவது, மூடியைத் திறப்பதற்குச் சமம்.

அதனால்தான் ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற டைவிங் பாதுகாப்பு அமைப்புகள் வழிகாட்டுகின்றன. நான் என் மாணவர்களுக்கு ஒரு முழு நாள் என்றே சொல்வேன். ஹேவ்லாக்குக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையை டைவிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராதாநகர் கடற்கரையும் செல்லுலார் சிறையும் பிறகு இருக்கட்டும். அவற்றுக்கு நைட்ரஜன் கணக்கு கிடையாது.

நீங்கள் ஏற்காட்டுக்காரர் என்பதால், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தமானிலிருந்து போதிய இடைவெளி விட்டு விமானத்தில் வந்தவருக்கு மலைப்பாதையால் புதிய சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் இப்போது சேலத்திலிருந்து நிறையப் பேர் புதுச்சேரிக்குப் போய்க் காலையில் டைவ் செய்துவிட்டு, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக அன்று மாலையே காரில் திரும்பிவிடுகிறார்கள். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் கவலை இல்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அன்றிரவே ஏறினால், விமானத்தில் ஏறியதற்கு ஏறக்குறைய அதே பலன்தான். யாராவது உறவினர் அப்படித் திட்டம் போட்டால், அன்றிரவு சேலத்திலேயே தங்கி மறுநாள் மலையேறச் சொல்லுங்கள். புதுச்சேரியில் இருக்கும் கடைக்காரர், தன் வாடிக்கையாளர் இரவு எந்த மலையில் தூங்கப்போகிறார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்பதில்லை.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. யாரை நம்புவது?

இருபதாண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி அந்தமானில். இப்போது சேலத்தில் கண்ணங்குறிச்சியில் குடியிருந்துகொண்டு, பருவத்துக்குத் தீவுக்குப் போய் வருகிறேன். இத்தனை காலத்தில் நான் தெரிந்துகொண்ட ஒரே அளவுகோல் இதுதான்: உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஆளா, இல்லையா? பணம் கையில் வந்த பிறகும், நீங்கள் ஆசையோடு நிற்கும்போதும், உங்கள் கணவர் முகம் சுளிக்கும்போதும், ‘இன்று கடல் சரியில்லை, நீங்கள் இன்று இறங்க வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரிடம் போங்கள். பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் படகுக்காரரைப் பாருங்கள். தண்ணீர் ஏறிவிட்டால், நாம் கல்யாணத்துக்குத்தான் போகிறோம் என்று கெஞ்சினாலும் படகை அவிழ்க்க மாட்டார். அவரை நாம் கெட்டவர் என்று நினைப்பதில்லை. ஆற்றை அறிந்தவர் என்கிறோம்.

என் முதல் டைவ் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இருபத்திரண்டு வயது. ஒரு தீவில், ஒரு கடையில், சல்லிசான விலைக்கு. கடைப்பெயர் வேண்டாம். படகிலேயே ஐந்து நிமிடம் ஏதோ இந்தியில் சொன்னார்கள்; எனக்குப் பாதி புரியவில்லை. சிலிண்டரைக் கட்டித் தண்ணீரில் தள்ளி, வழிகாட்டி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். நான்கைந்து மீட்டரிலேயே காதில் ஊசி குத்துவதுபோல் வலி. காதைக் காட்டினேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கி ‘எல்லாம் சரி’ என்று காட்டிவிட்டு மேலும் இழுத்தார். மேலே வந்தபோது மாஸ்க்கில் ரத்தம். ‘முதல் தடவை எல்லோருக்கும் இப்படித்தான்’ என்றார். மூன்று வாரம் ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நானும் நம்பியிருந்தேன். பிறகு முறையாகப் பயிற்சி எடுத்தபோதுதான் தெரிந்தது, யாருக்கும் அப்படி ஆகவே கூடாது என்று. அந்த ரத்தத்தை என் மாணவர் எவரும் பார்க்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முக்குளிப்பவரின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவர் மைத்துனராக இருப்பாராம். தன் அக்காளோ தங்கையோ தாலியோடு இருக்க வேண்டும் என்ற அக்கறை அவருக்குத்தான் இருக்கும் என்பது கணக்கு. ஹேவ்லாக்கில் உங்களுக்கு மைத்துனர் இல்லை. முகம் தெரியாத ஒருவரிடம் அந்த அக்கறையைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

முதல் வழி தொலைபேசி. கடைக்குக் கூப்பிட்டு விலையைக் கேட்காதீர்கள். ‘என் கணவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மகளுக்கு முன்பு இளைப்பு இருந்தது’ என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். எதிர்முனையில் என்ன வருகிறது என்று கேளுங்கள். ‘அதெல்லாம் பிரச்சினை இல்லை, வாருங்கள்’ என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். ‘என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக, மருத்துவரிடம் காட்டினீர்களா, நாங்கள் ஒரு படிவம் அனுப்புகிறோம்’ என்று ஆரம்பித்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிற இடம் அதுதான். உலகெங்கும் டைவிங் கடைகள் பயன்படுத்தும் உடல்நலக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. இதயம், நுரையீரல், காது, சைனஸ், வலிப்பு, சர்க்கரை, அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். குறிப்பிட்ட கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட பிறகே தண்ணீரில் இறங்கலாம். இதைத் தீவில், காலை ஆறு மணிக்கு, நீச்சல் உடையில் நின்றுகொண்டு நிரப்பினால் என்ன ஆகும்? மருத்துவர் பக்கத்தில் இல்லை. பணம் கட்டியாகிவிட்டது. பிள்ளை கண் கலங்குகிறது. அப்போது கடை ஊழியர் பேனாவை நீட்டி, ‘எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள், சும்மா ஒரு சம்பிரதாயம்’ என்பார். அப்படி ஒருவர் சொன்னால், அந்தக் கடையில் வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை. எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கையெழுத்து அவருக்கு மட்டுமே பாதுகாப்பு.

ஆகவே படிவத்தை இப்போதே இணையத்தில் எடுத்து, சேலத்தில் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மகளை நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யுங்கள். இளைப்பில் டைவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சுருங்கிய மூச்சுக்குழலுக்கு அப்பால் காற்று சிக்கிக்கொண்டால், மேலே ஏறும்போது அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். சிலிண்டர் காற்று உலர்ந்தது. அதுவே சிலருக்கு இளைப்பைத் தூண்டும். ஒன்பது வயதோடு நின்றுவிட்டது என்பது நல்ல செய்திதான். ஆனால் ‘இறங்கலாம்’ என்று சொல்ல வேண்டியவர் அவளைப் பரிசோதித்த மருத்துவர். நானும் இல்லை, கடைக்காரரும் இல்லை, ஆசைப்படும் அப்பாவும் இல்லை. உங்கள் கணவருக்கும் அப்படியே. சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள், உடல் உழைக்கும்போது இதயத் துடிப்பு தேவைக்கேற்பக் கூடுவதைத் தடுக்கும். எந்த மாத்திரை, அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து மருத்துவர் முடிவு சொல்லட்டும். அவர் ‘வேண்டாம்’ என்றால் மேல்மட்டத்தில் மிதந்தபடி பவளத்திட்டைப் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் பற்றி அவரிடமே கேளுங்கள். ஆழம் குறைந்த இடங்களில் அதிலேயே முக்கால்வாசி அழகும் கிடைக்கும்.

அடுத்தது சளி. மார்கழி, தைப் பனியில் ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறீர்கள். மூவரில் ஒருவருக்காவது மூக்கடைத்திருக்கும். மலையிறங்கும்போது காது அடைப்பது உங்களுக்குப் பழகிப்போன விஷயம்; எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். ஏற்காட்டிலிருந்து சேலம் வரை இறங்கும்போது கூடும் காற்றழுத்தம் முழுவதும், தண்ணீரில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குச் சமம். இருபது வளைவுகளில், முக்கால் மணி நேரத்தில் நடப்பது கடலில் சில நொடிகளில் நடந்துவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதக்கூடாது, வருவதற்கு முன்பே ஊத வேண்டும். சளி இருந்தால் மூக்கிலிருந்து காதுக்குக் காற்று போகும் வழி அடைத்துக்கொள்ளும். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது இன்னும் ஆபத்து. பாதியில் மாத்திரையின் வேகம் குறைந்தால், மேலே ஏறும்போது காற்று வெளியேற வழி இருக்காது.

இதைக் கடையில் கேளுங்கள்: ‘அன்று காலை யாருக்காவது சளி என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் கிடைக்குமா?’ எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸப்பில் ஒரு வரி போதும். பணம் திரும்பாது என்ற பயமே மனிதர்களை மூக்கடைப்போடு கடலில் தள்ளுகிறது.

கடையைவிட, உங்களோடு தண்ணீரில் இருக்கப்போகும் ஆள் முக்கியம். நல்ல பெயருள்ள கடையிலும் நேற்றுச் சேர்ந்த ஒருவர் இருப்பார். முதல் முறை இறங்குபவர்களுக்கான அறிமுக டைவின் எல்லை 12 மீட்டர் ஆழம். அதை நடத்த வேண்டியவர் தகுதி பெற்ற இன்ஸ்ட்ரக்டர். ‘டைவ் மாஸ்டர்’ என்பது அதற்குக் கீழ்ப்படி. பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற பயிற்சி அமைப்புகள் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்டருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கின்றன. ‘எங்களோடு வருபவர் யார், அவர் எண் என்ன’ என்று கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இந்த ஆண்டும் அவர் கற்பிக்கத் தகுதியோடு இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கும்.

ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிப்போகிறார் என்பதும் முக்கியம். அறிமுக டைவில் விதிப்படி ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு நான்கு பேர் வரை இருக்கலாம். அது உச்சவரம்பு. நீச்சல் தெரியாத நீங்களும் 13 வயதுப் பிள்ளையும் ஒருவருக்கு ஒருவர் என்று கேளுங்கள். அந்தமானில் பல கடைகள் அப்படியே நடத்துகின்றன. உங்களுக்கு ஒருவர், மகளுக்கு ஒருவர், கணவருக்கு ஒருவர். கை எட்டும் தூரத்துக்குள். அவர் கையில் கேமரா இருக்கக்கூடாது. படம் எடுக்க வேறொருவர் வரட்டும். கேமராவைப் பிடித்த கை, அவசரத்தில் உங்கள் வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியை, பிடிக்காது.

மொழியையும் கேளுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ்தான். தமிழ் பேசும் இன்ஸ்ட்ரக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். ‘தமிழில் விளக்குபவர் வேண்டும்’ என்று முன்பே சொல்லி வைத்தால் ஏற்பாடு செய்வார்கள். எனக்குப் பாதி புரியாத அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் மகள் தன் சந்தேகத்தைத் தன் மொழியில் கேட்க வேண்டும். தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, சைகைதான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாம் ‘பிரமாதம்’ என்று காட்டும் கட்டைவிரல், அங்கே ‘மேலே போகலாம்’ என்று பொருள்படும். பிள்ளை மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டி, டைவே முடிந்துபோன கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

ஆழத்துக்குப் போவதற்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி கட்டாயம். ரெகுலேட்டர் வழியாக வாயால் மூச்சுவிடுவது, அது வாயிலிருந்து வெளியேறினால் மீண்டும் வைத்துத் தண்ணீரை ஊதித் தள்ளுவது, மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காதைச் சமன் செய்வது. உங்களுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் தேவைப்பட்டால் அந்த ஆள் பொறுமையாக நிற்கிறாரா, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஹேவ்லாக்கில் நீமோ ரீஃப் என்ற இடம் கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடியது, மெல்ல மெல்ல ஆழமாகும். நீச்சல் தெரியாதவருக்கு, படகிலிருந்து ஆழத்தில் குதிப்பதைவிட அது எவ்வளவோ மேல். நடுவில் மனம் ஒப்பவில்லை என்றால் எந்த நொடியிலும் திரும்பலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. நீச்சல் தெரியாத உங்களைவிட அவரைப் பற்றி. நானும் கிணற்றில் கற்றவன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தாத்தா தள்ளிவிட்ட பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் மூச்சைப் பிடிப்பது. அடியில் கிடக்கும் கல்லை எடுத்து வர, மூச்சை அடக்கி இறங்குவோம், அடக்கியபடியே ஏறுவோம். ஸ்கூபாவில் உயிரைப் பறிக்கக்கூடிய பழக்கம் இதுதான். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் ஏற்காடு போய்ச் சேரும்போது உப்பிப்போய் இருக்குமல்லவா? பத்து மீட்டர் ஆழத்தில் நிறைத்த நுரையீரல், மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரு மடங்காக விரிய முயலும். அதற்கு இடமில்லை. கிணற்றில் நாம் எடுத்துப்போவது மேலே இழுத்த மூச்சு. அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. கடலுக்கடியில் சிலிண்டரிலிருந்து இழுக்கும் மூச்சு வேறு. ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்திலிருந்துகூட, மூச்சை அடக்கி ஏறியவர்களுக்கு நுரையீரல் கிழிந்திருக்கிறது. அவரிடம் நீங்களே சொல்லுங்கள்: நிறுத்தாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும். இன்ஸ்ட்ரக்டரிடமும், ‘இவர் கிணற்று நீச்சல்காரர்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்தவர் உடனே புரிந்துகொண்டு அவரைத் தனியாகப் பயிற்றுவிப்பார். ‘அப்படியானால் இன்னும் ஆழத்துக்குப் போகலாம்’ என்று சொல்பவர் நமக்கு வேண்டாம்.

கருவிகளைச் சோதிப்பது உங்கள் வேலை அல்ல. ஆனாலும் இரண்டு மட்டும் செய்யலாம். கட்டிக்கொண்ட பிறகு, ரெகுலேட்டரில் நான்கு முறை ஆழமாக மூச்சிழுத்துக்கொண்டே அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் 200 பார் (bar, அழுத்தத்தின் அலகு) பக்கத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது விழுந்து எழுந்தால் வால்வு முழுவதும் திறக்கப்படவில்லை. இரண்டாவது, அந்தக் காற்றில் வாசனையே இருக்கக்கூடாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் துப்பிவிடுங்கள். காற்று அடைக்கும் இயந்திரம் தன் புகையையே உள்ளிழுத்திருக்கலாம். அதில் வாசனையற்ற கார்பன் மோனாக்சைடும் சேர்ந்திருக்கும்.

உண்மையிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் படகு, அல்லது கரையில் அவர்கள் முகாம். ‘அவசரத்துக்கு ஆக்சிஜன் எங்கே, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் ஆனால் சரி. ‘இருக்கிறது இருக்கிறது’ என்று பேச்சு மாறினால் இல்லை என்று பொருள். நைட்ரஜன் குமிழிக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை போர்ட் பிளேரில், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து அது கடல் வழியில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத் தூரம். அங்கே எப்படிக் கொண்டுபோவார்கள் என்ற கேள்விக்குக் கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

இணையத்தில் இருக்கும் விமர்சனங்களைப் படிப்பீர்கள். ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் மீனையும் வீடியோவையும் பற்றி எழுதியிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டு ஒரு நட்சத்திரம் போட்டவர்களைத் தேடிப் படியுங்கள். ‘அப்பாவுக்கு லேசான இருமல்தான், இறக்க மறுத்துவிட்டார்கள்’, ‘அலை என்று காரணம் சொல்லி ரத்து செய்தார்கள்’, ‘இருநூறு கேள்வி கேட்கிறார்கள்’ என்று கோபமாக எழுதியிருந்தால், நீங்கள் தேடும் கடை கிடைத்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்னைப் பற்றியும் அப்படி எழுதியிருக்கிறது. அந்தப் பெரியவருக்கு அன்று நெஞ்சில் சளி கரகரவென்று கேட்டது. அவர் பேரனைக் கூட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார், என்னோடு பேசவே இல்லை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று கடைகளிடமும், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், பயிற்சிக்கு எத்தனை நிமிடம், ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தானே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். எந்த வழிகாட்டியாவது உங்களைப் பவளத்தின் மேல் உட்கார வைத்துப் படம் எடுக்க முயன்றால் மறுத்துவிடுங்கள். அது பாறை போலத் தெரியும். உயிருள்ள பிராணிகளின் கூட்டம் அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தரும் காப்பைப் பவளத்துக்கும் தருகிறது. 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போனதை நேரில் பார்த்தவன் நான். அதிலிருந்து மீண்டு வந்த ஒரு கிளையை, ஒரு புகைப்படத்துக்காக யாரோ மிதித்து முறிப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. பவளத்தைத் தொடாத வழிகாட்டி, உங்களையும் கவனமாகத்தான் பார்த்துக்கொள்வார். இரண்டும் ஒரே குணம்.

கடைசியாக உங்கள் கண்ணாடி. மாஸ்க்குக்குள் மூக்குக்கண்ணாடி போட முடியாது. காற்று கசிந்து தண்ணீர் புகுந்துவிடும். பவர் வைத்த மாஸ்க்குகள் பல கடைகளில் உண்டு, ஆனால் எல்லா அளவும் இருக்காது. சேலத்தில் கண் பரிசோதனை செய்த சீட்டைப் படம் எடுத்து இப்போதே கடைக்கு அனுப்பி, உங்கள் அளவில் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அளவு சரியாகக் கிடைக்காவிட்டால், ஒரு படி குறைந்த பவரை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்று அருகிலும் தெரியும். உங்கள் மகள் கைக்கெட்டும் தூரத்தில் மிதப்பது உங்களுக்குத் தெளிவாகவே தெரியும்.